ரேக்குக்கும் கல்லாவுக்கும் நடுவே

அண்ணாச்சி கடையில் வாங்க வருபவர் திருடுவது என்பது அநேகமாக நடக்காது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த மளிகைக் கடையில் சரக்கெல்லாம் உள்ளே இருக்கும், வாங்குபவர் வெளியே நிற்பார், நடுவில் நீளமாக ஒரு பலகை. அவர் சீட்டைப் படிக்கப் படிக்கப் பையன்கள் எடைபோட்டுக் கட்டி வைப்பார்கள். கல்லாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். கடையின் எந்த மூலையில் கை நீண்டாலும் அவர் கண்ணுக்குத் தெரியும்படிதான் அந்த நாற்காலியே போடப்பட்டிருக்கும்.

வாங்குபவரை உள்ளே விட்டு, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன நாளிலிருந்துதான், கடையில் சரக்கு காணாமல் போவதைத் தடுக்கிற என் தொழிலுக்குத் தேவை வந்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து இதைத் தொடங்கிவைத்தார். கடைக்குள் நுழைந்தவர் ஒரே பாதையில் எல்லா ரேக்கையும் கடந்து கல்லா வழியாக மட்டுமே வெளியேற முடியும் என்று வடிவமைத்து, அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார். உள்ளே விடுவது என்று முடிவெடுத்தபோதே வெளியேறும் வழியைப் பற்றியும் அவர் யோசித்திருக்கிறார். நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் அந்த இரண்டாவது யோசனை நடக்கவேயில்லை.

சென்னையில் 1996-ல் ஃபுட்வேர்ல்ட் சூப்பர் மார்க்கெட் வந்தது. 1997-ல் திருவான்மியூரில் சுபிக்‌ஷா தொடங்கியது. அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர் சாலை, மேடவாக்கம் என்று அடுக்குமாடிகள் எழும்பிய இடமெல்லாம் சூப்பர் மார்க்கெட்டுகள் முளைத்தன. பல அண்ணாச்சிகளின் பிள்ளைகள் அப்பாவின் பலகையைப் பெயர்த்துவிட்டு ரேக் அடித்தார்கள், ஏசி போட்டார்கள். பலகை செய்துகொண்டிருந்த காவல் வேலையை இனி யார் செய்வது என்று கேட்டவர்கள் குறைவு. வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோதுதான் அவர்களுக்குத் தூக்கம் போயிற்று. அப்படித் தூக்கம் போன ஒரு முதலாளி கூப்பிட்டுத்தான், கடை ஊழியனாக இருந்த நான் ஸ்டாக் பார்க்கிறவனானேன். கிழக்கிலும் மேற்கிலுமாகத் தாம்பரத்தைச் சுற்றியே இந்த வேலை செய்துவருகிறேன்.

புதிய முதலாளியிடம் உட்கார்ந்தால் நான் முதலில் எழுதிக் காட்டுவது ஒரு நெய் பாட்டிலின் கணக்கு. விற்பனை விலை 500 ரூபாய், கொள்முதல் 460 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 40. ஒரு பாட்டில் காணாமல் போனால் 460 ரூபாய் போச்சு. அதைத் திரும்ப எடுக்க இன்னும் பன்னிரண்டு பாட்டில் விற்றாக வேண்டும். வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு. மளிகையில் மிச்சம் இவ்வளவு மெல்லியது என்பதால்தான் சின்னத் திருட்டு பெரிய அடியாக விழுகிறது.

கணக்கைக் கேட்டதும் அவர்கள் அடுத்துச் சொல்வது ஒன்றுதான்: "கேமரா கூட்டிடலாமா?" கேமரா இருக்கட்டும், முதலில் எதை எண்ணுகிறீர்கள் என்று நான் கேட்பேன். பெரும்பாலும் எதையும் எண்ணுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை எண்ணினால் எவ்வளவு போயிற்று என்பது மட்டும் தெரியும். எப்போது, எந்தப் பக்கமாகப் போயிற்று என்பது தெரியாது. எப்போது என்று தெரியாத திருட்டை யாராலும் தடுக்க முடியாது.

கடையில் ஆயிரக்கணக்கான ஐட்டம் இருக்கும்போது எதை எண்ணுவது? குற்றவியல் அறிஞர் ரொனால்ட் கிளார்க் 1999-ல் எழுதிய ஆய்வில் திருடுபோகும் பொருளுக்கு ஆறு குணங்கள் சொன்னார்: மறைக்கலாம், தூக்கிப் போகலாம், கைக்கு எட்டும், விலை உண்டு, ஆசைப்பட வைக்கும், விற்றுக் காசாக்கலாம். நம் கடைகளில் இந்த ஆறும் பொருந்துகிற பொருள் ஏலக்காய். உள்ளங்கையில் அடங்குகிற பாக்கெட், வெள்ளியைப் போல விலை. அதற்கு அடுத்து முந்திரி, பாதாம், ஷேவிங் கார்ட்ரிட்ஜ், ஹேர் டை, சென்ட் பாட்டில், நெய், குழந்தைகளுக்கான பால் பவுடர், பெரிய சாக்லேட். இருபது ஐட்டம் தேறும். அவற்றை மட்டும் கடை திறந்ததும் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை எண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதச் சொல்வேன். எவ்வளவு விற்றது என்பதை பில்லிங் கம்ப்யூட்டர் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு வேண்டியது. ஒரு முறை எண்ணக் கால் மணி நேரம் ஆகும். நான் பரிந்துரைத்ததில் இவ்வளவு மலிவானதும் இவ்வளவு பலன் தந்ததும் வேறு எதுவும் இல்லை.

இரண்டு வாரம் எழுதினால் அந்தக் கடையின் முகம் தெரிந்துவிடும். தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய கடையில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் சரக்கு குறையும். மின்சார ரயிலிலிருந்து ஆபீஸ் பையோடு இறங்குகிற கூட்டம், பில் போடுபவர் தலைநிமிர முடியாத நேரம் அது. காலனிக் கடையில் அந்த நேரம் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் வருகிற முகமெல்லாம் தெரிந்த முகம். அங்கே ஓட்டை மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை. வேலைசெய்கிற பெண் பிள்ளைகள் சாப்பிடப் போயிருப்பார்கள், ரேக் பக்கம் ஆளே இருக்காது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறப்பதற்கு முன்னால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய ராத்திரிகளில் தென் மாவட்டங்களுக்குப் போகிற கூட்டமெல்லாம் பெருங்களத்தூரில்தான் பஸ்ஸுக்கு நிற்கும். அங்கே இருந்த கடைகளுக்கு அந்த ஓரிரண்டு ராத்திரிதான் வருஷத்தின் பெரிய வியாபாரமும் பெரிய நஷ்டமும். இந்த மூன்று கடைகளுக்கும் ஒரே மருந்து எழுதிக்கொடுப்பவரை நம்பாதீர்கள்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் நான் ரேக்கின் உயரத்தில்தான் கை வைப்பேன். ஆறரை அடி ரேக்கில் நிறையச் சரக்கு அடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் பின்னால் நிற்பவர் யாருக்கும் தெரியமாட்டார். நடு வரிசைகளை நாலரை அடிக்கு இறக்கினால் கடையில் உள்ள எல்லாருடைய தலையும் தோளும் எல்லாருக்கும் தெரியும். தெரிகிறோம் என்ற உணர்வே பாதி வேலையைச் செய்துவிடும். விலை கூடிய சின்னப் பொருள்களைக் கல்லாவின் நேர்ப் பார்வைக்குக் கொண்டுவந்து, ரேக்கில் ஆழமாக அடுக்காமல் முன்வரிசையாக மட்டும் அடுக்க வேண்டும். ஒன்று எடுத்தாலும் பல் விழுந்த இடம் மாதிரி காலி தெரியும். அந்தப் பக்கம் போகிற ஊழியர் கண்ணில் பட்டுவிடும். முந்திரியையும் பாதாமையும் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துவிடுகிற முதலாளிகளும் உண்டு. திருட்டு நின்றுபோகும், விற்பனையும் கூடவே படுத்துவிடும். சாவிக்காக யாரும் காத்திருப்பதில்லை.

இனி பின்வாசல். நோட்டு எழுத ஆரம்பித்த கடைகளில் முதலாளிக்கு அதிர்ச்சி கொடுத்தது பெரும்பாலும் இதுதான். கடை திறப்பதற்கு முன்பே, வாடிக்கையாளர் ஒருவர்கூட உள்ளே வராத நேரத்தில், சரக்கு குறைந்திருக்கும். ஏஜென்சி வண்டி வந்து இறக்கும்போது இன்வாய்ஸில் பத்து பெட்டி இருக்கும், இறங்கியது ஒன்பதாக இருக்கும். வாங்குகிற பையனுக்கு அவசரம், டிரைவருக்கு அதைவிட அவசரம், கையெழுத்து விழுந்துவிடும். திருப்பி எடுத்துப்போகிற காலாவதிச் சரக்கோடு நல்ல சரக்கும் ஏறும். எல்லாவற்றையும்விட நான் கவனிப்பது காலி அட்டைப்பெட்டிகளை. பழைய பேப்பர்க்காரருக்குப் போகிற பெட்டிக்குள் ஒரு கிலோ பாதாம் உட்கார்ந்துகொண்டு போவது எளிது. அதனால் நான் போகிற கடைகளில் ஒரு விதி உண்டு: எந்தப் பெட்டியும் பெட்டி வடிவத்தில் கடையைவிட்டு வெளியே போகக் கூடாது. பிரித்து, தட்டையாக்கி, கட்டாகக் கட்டித்தான் போக வேண்டும். குப்பைப் பையும் அப்படியே, பிரித்துப் பார்த்த பிறகுதான்.

பில் போடுகிற இடத்தில் நடப்பது நுணுக்கமானது. பத்துப் பொருளில் எட்டை மட்டும் ஸ்கேன் செய்து தெரிந்தவருக்குத் தள்ளிவிடுவது, முந்திரியை எடையில் வைத்து நிலக்கடலைக் குறியீட்டை அழுத்துவது, பணத்தை வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் போனதும் பில்லை ரத்து செய்வது. இதற்கெல்லாம் ராத்திரி ஐந்து நிமிஷம் போதும். யார் யார் எத்தனை பில்லை ரத்து செய்தார்கள், எந்த நேரத்தில் செய்தார்கள் என்ற பட்டியலைக் கம்ப்யூட்டர் கொடுக்கும். முதலாளி தினமும் அதைப் பார்க்கிறார் என்று கடையில் தெரிந்தாலே எண்ணிக்கை இறங்கும். யுபிஐ வந்த பிறகு, பணம் போட்டதாகப் பொய்யான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் வந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொன்ன பிறகுதான் பையைக் கையில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேமரா தேவையில்லை என்பது என் கட்சி அல்ல. நடந்து முடிந்ததைக் காட்ட அதற்கு நிகரில்லை. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்துவிட்ட பிறகு, ஷட்டர் உடைப்பு போன்ற வழக்குகளில் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பதிவைத்தான். ஆனால் பதினாறு கட்டம் ஓடுகிற திரையை முதலாளியின் அறையில் வைத்துப் பூட்டிவிட்டால் அது யாரையும் தடுக்காது. திரையை நுழைவாயிலில், உள்ளே வருகிறவர் தன் முகத்தைத் தானே பார்க்கும்படி வைக்கச் சொல்வேன். குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலையின் பெரிய ஜவுளிக் கடைகளுக்குத் துணியில் மாட்டுகிற கெட்டி டேக் பயன்படும். அது பெரும்பாலும் 58 கிலோஹெர்ட்ஸ் அல்லது 8.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. கழற்றாமல் வாசலைத் தாண்டினால் கத்தும். ஈயத்தாளை உள்ளே ஒட்டிய பையில் போட்டால் கத்தாது, அதையும் அறிந்தவர்கள் உண்டு. மளிகைக் கடையில் ஐம்பது ரூபாய்ப் பொருளுக்கெல்லாம் டேக் ஒட்டினால் கட்டுப்படியாகாது.

இதுவரை சொன்னது தடுப்பது பற்றி. பிடிப்பது பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

ஒரு பெண் பால் பவுடர் டப்பாவைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு வருகிறார். பார்த்துவிட்டார்கள். பல கடைகளில் அடுத்து நடப்பது இது: கையைப் பிடித்து இழுப்பது, பத்துப் பேர் நடுவே பையைக் கொட்டுவது, குடோனில் உட்காரவைத்துப் படம் எடுப்பது, அந்தப் படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுவது, குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போடுவது. நான் இதை எந்தக் கடையிலும் அனுமதித்ததில்லை. செய்தே தீருவோம் என்ற கடைகளுக்கு நான் அடுத்த முறை போகவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு பெண்ணைச் சோதனைபோடப் போலீஸுக்கே இன்னொரு பெண் வேண்டும் என்றிருக்கும்போது கடைக்காரருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, தன் கண்ணெதிரே நடக்கும் ஜாமீனில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைச் செய்தவரையோ, தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரையோ மட்டும்தான் தனிநபர் ஒருவர் பிடித்துவைக்கலாம். அப்போதும் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டமோ, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை என்கிறது. நாட்டின் சட்டமே ஒரு டப்பாவுக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்திருக்கும்போது, அந்தப் பெண்ணின் தெருவையும் உறவையும் கூப்பிட்டு வேறொரு தண்டனை கொடுக்க நாம் யார்?

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது அட்டப்பாடி மது என்ற இளைஞரைப் பற்றி. கோயம்புத்தூர் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22 அன்று, கடைகளில் சாப்பாட்டுப் பொருள் திருடினார் என்று சொல்லி அந்தப் பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்துவந்தார்கள். கையைக் கட்டினார்கள், அடித்தார்கள், கட்டிய கையோடு படமும் எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் கொண்டுபோகும்போது இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, அவர்களில் பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. கல்லாவுக்குப் பின்னால் படம் ஒட்டுவது அந்த வழியில் முதல் அடி என்று நான் நம்புகிறேன்.

பிறகு என்னதான் செய்வது? கேட்க வேண்டும். "அம்மா, கூடையில இருக்கிறது தவிர வேற ஏதாவது பில் போடணுமா?" குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, தினமும் எல்லாரிடமும் கேட்கிற குரலில். பெரும்பாலானவர்கள் "அட, மறந்துட்டேன்" என்று எடுத்துவைத்துவிடுவார்கள். சிலர் "வேண்டாம்" என்று ரேக்குக்குத் திரும்பிப்போய் வைத்துவிட்டு வருவார்கள். கடைக்குப் பொருள் மிஞ்சுகிறது, அவருக்கு மானம் மிஞ்சுகிறது, மறுநாளும் அவர் வாங்க வருவார். பள்ளிக்கூடச் சீருடையில் வருகிற பிள்ளை சாக்லேட்டைப் பாக்கெட்டில் போட்டால், "தம்பி, அதை இங்க குடு" என்பதோடு சரி. அப்பா அம்மாவுக்குச் சொல்லலாம், படம் எடுக்கக் கூடாது. கூட்டமாக, பெரிய பையோடு, தொழிலாகவே வருகிறவர்கள் வேறு. அவர்களிடம் ஊழியர்கள் மல்லுக்கு நிற்கவே கூடாது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவைப் போலீஸிடம் கொடுக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் யார்? தென்காசியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து, ஹாஸ்டலில் தங்கி, நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். கேரளம் 2018-லேயே செய்தது. அது வந்ததில் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. கால் கடுக்கிற ஆளின் கண் ரேக்கில் இருக்காது, கடிகாரத்தில் இருக்கும். ஸ்டூல் போட்ட கடைகளில் பிள்ளைகள் நிமிர்ந்து வாடிக்கையாளரைப் பார்க்கிறார்கள், "வாங்க" என்கிறார்கள். உள்ளே வந்ததும் ஒருவர் தன்னைப் பார்த்து "வாங்க" என்று சொல்லிவிட்டால், எடுக்க நினைத்து வந்தவர்கூட யோசிப்பார்.

காவலுக்கு நிற்கிறவரின் சம்பளமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். நாடு முழுக்க 1,600 கடை என்று வளர்ந்திருந்த சுபிக்‌ஷா 2009 தொடக்கத்தில் பணமில்லாமல் தடுமாறியபோது, பாக்கி கிடைக்காத காவலாளிகள் விலகிக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த பல கடைகளில் சரக்கு சூறையாடப்பட்டது என்று அந்த நிறுவனமே சொல்லிற்று.

அதனால்தான், காணாமல் போனதை ஊழியர் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிக்கிற வழக்கத்தை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறேன். நம் பகுதியில் இது சாதாரணம். மாதம் பத்தாயிரம் ரூபாய் குறைந்தால் பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஆயிரம். 1936-ன் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, ஒருவருடைய கவனக்குறைவால்தான் நஷ்டம் வந்தது என்று காட்டி, அவர் பதிலையும் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்றிருந்தது. சட்டத்தை விடுங்கள், கடைக்கு அதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். குறைவை மறைக்க, பில் போடுகிற பெண் ஏமாந்த வாடிக்கையாளருக்கு ஒரு பொருளை இரண்டு தடவை ஸ்கேன் செய்கிறாள். எண்ணுகிறவர் நோட்டில் இருப்பதை எழுதாமல் இருக்கவேண்டியதை எழுதுகிறார். செய்யாத தப்புக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்த பிள்ளைக்கு, அடுத்த மாதம் தப்பு செய்யத் தயக்கம் ஏன் இருக்கப்போகிறது?

சேலையூர் பக்கம் ஒரு கடை. "அண்ணாச்சி, மூணு மாசம் சம்பளத்துல கை வைக்காதீங்க. நோட்டு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டார். முதல் மாதம் நோட்டில் குறைவு ஏறிற்று. போன் போட்டுக் கத்தினார். "கூடல அண்ணாச்சி, இப்பத்தான் நிஜத்தை எழுதுறாங்க" என்றேன். அந்த நிஜத்தில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: பிரெட்டும் பன்னும் காலையில் ஒரே ஒரு ஆள் இறக்கி வாங்குகிற நாள்களில் மட்டும் குறைந்தது. விசாரித்தபோது, பில் போடுகிற பெண் தனக்கு அது பல மாதமாகத் தெரியும் என்றாள். ஏம்மா சொல்லவில்லை என்று முதலாளி கேட்டார்.

"சொன்னா குறைஞ்சது கணக்குல வந்துடும். அப்புறம் எங்க சம்பளத்துலதானே பிடிப்பீங்க, அண்ணாச்சி?"

அவர் அன்றைக்கு எதுவும் பதில் சொல்லவில்லை. முந்தின மாதங்களில் பிடித்த பணத்தை அடுத்த சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்தார். பிரெட் ட்ரேயை இப்போது வெளிச்சத்தில் மேஜை மேல் வைத்து இரண்டு பேர் எண்ணுகிறார்கள், கொண்டுவந்தவர் முன்னாலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். தயிருக்கும் பாலுக்கும் அதே முறையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்; விடியற்காலையில் இன்னொரு ஆள் வேண்டுமே என்கிறார், அதற்குச் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.